எண்ணெய்க்கு மேலே வாழும் மக்கள்: எக்குவடோர் காட்டிலிருந்து ஒரு நெடும் வழக்கு

2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் முதலாம் திகதி, தென்னமெரிக்க நாடான எக்குவடோரின் அமைச்சர்கள் அமேசன் காட்டின் நடுவே அமைந்துள்ள சரயாக்கு என்னும் இடத்தில் வந்திறங்கினர். தரைவழிப் பாதை சென்றடையாத இடம் அது. பொபொனாசா ஆற்றில் வள்ளத்திலோ, அல்லது சிறு விமானத்திலோதான் அங்கு போய்ச் சேரலாம். அங்கு வாழும் கிச்வா இன மக்கள் ஏறத்தாழ 1200 பேர். வந்த அமைச்சர்கள் அம்மக்களின் முன்னிலையில் அரசின் பெயரால் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினர்.

அதிகாரத்தில் உள்ளோர் சிறு மக்கள் கூட்டம் ஒன்றைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்பது உலகில் அரிதாகவே நிகழும் காரியம். இங்கும் அது தானாக நிகழவில்லை. சர்வதேச நீதிமன்றம் ஒன்று இட்ட கட்டளையின்படி கேட்கப்பட்ட மன்னிப்பு அது. ஆயினும் எதற்காக அம்மன்னிப்பு என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. நிலத்தைப் பறித்ததற்காக அல்ல. நிலத்துக்கான உறுதி அம்மக்களிடமே இருந்தது. எண்ணெயை எடுத்துச் சென்றதற்காகவும் அல்ல. அவர்களது மண்ணிலிருந்து ஒரு பீப்பாய் எண்ணெய்தானும் எடுக்கப்படவில்லை. அவர்களிடம் கேளாமல் எண்ணெய்க் கம்பனியை அவர்களது நிலத்துக்குள் அனுப்பியதற்காகவே அரசு மன்னிப்புக் கோரியது.

பூர்வீக நிலத்தில் எண்ணெய் தோண்டுவதை எதிர்த்து எக்குவடோரின் ஆதிக் குடிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களின் வாயில்களில் நின்று வந்துள்ளனர். சிலவற்றில் வென்றனர், சிலவற்றில் தோற்றனர். வெற்றி தோல்விகளை அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகின்றது. நாசம் நிகழ்ந்த பின்னர் நட்டஈடு கேட்டவர்கள் நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்து வெறுங்கையுடன் நின்றனர். நாசம் நிகழுமுன்னர் 'எம்மைக் கேட்டீர்களா?' என்று வினவியவர்கள் தம் காட்டைக் காத்துக் கொண்டனர். இந்த வேறுபாடு ஏன் ஏற்பட்டது, அந்த வெற்றியும் எவ்வளவு தூரம் நிலையானது என்பதே எம்முன் உள்ள வினா.

மேல்மண் மக்களுக்கு, அடிமண் அரசுக்கு

1992ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், எக்குவடோரின் பஸ்தாசா மாகாண ஆதிக் குடிகள் பூயோ நகரிலிருந்து மலையேறித் தலைநகர் கிற்றோ வரை கால்நடையாகச் சென்றனர். பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அப்பயணத்தில் இருந்தனர். காட்டு மக்கள் தலைநகரின் குளிரில் முகாமிட்டுத் தங்கிய அந்நாட்கள் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தன. அவ்வாண்டு மே மாதம் அரசு இறங்கி வந்தது. பரந்த நிலப்பரப்புக்கு உறுதிகள் வழங்கப்பட்டன. சரயாக்கு மக்களுக்குரிய பங்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 35 ஆயிரம் ஹெக்டேயர்.

ஆனால் அவ்வுறுதியிலேயே ஒரு நிபந்தனையும் பொறிக்கப்பட்டிருந்தது. நிலத்தின் அடியில் உள்ள இயற்கை வளங்கள் அரசுக்கு உரியவை. அவற்றை அரசு தடையின்றி அகழ்ந்தெடுக்கலாம் என்பதே அது. தென்னமெரிக்க நாடுகள் பலவற்றின் சட்டம் இதுதான். பயிர் விளையும் மண் குடிகளுக்கு. எண்ணெய் ஊறும் மண் அரசுக்கு. ஒரே நிலத்துக்கு இரு உரிமையாளர். இருவரும் மோதிக் கொள்ளும் நாள் வரும் என்பது உறுதி எழுதப்பட்ட அன்றே தீர்மானமாகிவிட்டது.

அந்நாள் விரைவிலேயே வந்தது. 1996ஆம் ஆண்டு யூலை மாதம் எக்குவடோரின் அரச எண்ணெய் நிறுவனம், ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த சி.ஜி.சி. என்னும் கம்பனி இடம்பெற்ற கூட்டு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 23ஆம் இலக்க வலயம் எனப் பெயரிடப்பட்ட 2 இலட்சம் ஹெக்டேயர் நிலத்தில் எண்ணெய் தேடுவதற்கான ஒப்பந்தம் அது. அவ்வலயத்தின் பெரும்பகுதி சரயாக்கு மக்களின் பூர்வீக நிலமாகும். ஒப்பந்தம் எழுதப்பட்டது அம்மக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவர்களது கருத்தும் கோரப்படவில்லை.

கேட்பது போல் கேட்டல்

பின்னர் கம்பனி 'கேட்க' வந்தது. அது கேட்ட விதத்தை நீதிமன்றத்தின் பதிவுகளிலிருந்து அறிய முடிகின்றது. 2000ஆம் ஆண்டில் அபிவிருத்தி வேலைகளுக்கென 60,000 டொலரும், 500 பேருக்கு வேலையும் தருவதாகக் கம்பனி முன்மொழிந்தது. அவ்வாண்டு யூன் மாதம் சரயாக்கு மக்கள் பொதுச்சபை கூடி, கம்பனியின் பிரதிநிதிகள் முன்னிலையிலேயே அதனை நிராகரித்தனர்.

'வேண்டாம்' என்ற பதிலோடு விடயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஊராக மறுத்தவர்களைத் தனித்தனியாக அணுகும் முயற்சிகள் தொடங்கின. மருத்துவக் குழு ஒன்று காட்டுக் கிராமங்களுக்கு வந்தது. சிகிச்சை பெற வந்தவர்களிடம் பெயர்ப் பட்டியலில் கையொப்பம் வாங்கப்பட்டதாகவும், அக்கையொப்பங்களே பின்னர் கம்பனிக்கு ஆதரவான கடிதத்துக்குப் பயன்பட்டதாகவும் நீதிமன்றத்தின் முன் சாட்சியம் வைக்கப்பட்டது. அயற்கிராமங்கள் சில கம்பனியுடன் தனித்தனியே உடன்பாடு செய்து கொண்டன. ஆற்றில் சரயாக்கு மக்கள் மேலும் கீழும் சென்றுவரும் வழி தடுக்கப்பட்டது. நேற்றுவரை உறவாக இருந்த கிராமங்கள் ஒன்றையொன்று சந்தேகத்துடன் பார்க்கலாயின.

2002ஆம் ஆண்டின் இறுதியில் கம்பனி காட்டுக்குள் நுழைந்தது. இராணுவம் அதற்குக் காவல் நின்றது. நிலத்தடியில் எண்ணெய் உண்டா என்பதை அறிய வெடிவைத்து அதிர்வை அளக்கும் முறை கையாளப்பட்டது. மரங்கள் வெட்டப்பட்டுக் கோடுகள் கீறப்பட்டன. உலங்குவானூர்திகள் இறங்கும் தளங்கள் அமைக்கப்பட்டன. பென்ரோலைற் என்னும் சக்திவாய்ந்த வெடிமருந்து ஏறத்தாழ 1400 கிலோ சரயாக்கு நிலத்தில் பரப்பப்பட்டது. அதன் பெரும்பகுதி 12 மீற்றர் ஆழக் குழிகளில் புதைக்கப்பட்டது. மருத்துவ மூலிகைகளின் இருப்பிடமாகவும், ஆவிகள் உறையும் இடமாகவும் அம்மக்கள் போற்றிய மரங்களும் வீழ்த்தப்பட்டன.

சரயாக்கு மக்கள் அவசரநிலை பிரகடனம் செய்தனர். தோட்டங்களைக் கைவிட்டனர். பள்ளிக்கூடம் மூடப்பட்டது. ஆண், பெண் என்ற வேறுபாடின்றித் தம் எல்லைகளில் முகாம் அமைத்துத் தங்கினர். நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை காடு தந்ததை உண்டு காவல் காத்தனர். அம்முகாம்களுக்கு அவர்கள் இட்ட பெயர் 'அமைதிக்கும் வாழ்வுக்குமான முகாம்' என்பதாகும். 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கம்பனி தன் வேலையை இடைநிறுத்தியது. ஆனால் வெடிமருந்து மண்ணுக்குள்ளேயே இருந்தது.

சன் ஹோசேயில் கிடைத்த தீர்ப்பு

உள்நாட்டு நீதிமன்றத்தில் அம்மக்கள் தொடுத்த வழக்கு நகரவில்லை. எனவே 2003 டிசெம்பரில் அவர்கள் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். அம்முறைப்பாடு ஆணைக்குழுவைக் கடந்து, கொஸ்ராறிக்காவின் தலைநகர் சன் ஹோசேயில் இயங்கும் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்தைச் சென்றடைய ஆறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

2012 ஏப்ரல் மாதம் அந்நீதிமன்றத்தின் குழு ஒன்று சரயாக்குக்கே நேரில் சென்றது. வழக்கு நிகழ்ந்த இடத்துக்கு அந்நீதிமன்றத்தின் நீதிபதிகள் சென்றது அதுவே முதற்றடவை. அங்கு அம்மக்களின் முன்னிலையில் சனாதிபதியின் சட்டச் செயலாளர் எழுந்து, அரசு இதில் பொறுப்பாளி என ஒப்புக்கொண்டார். 2012 யூன் 27ஆம் திகதியிட்ட தீர்ப்பு அம்மக்களுக்குச் சார்பாக அமைந்தது.

வழக்கில் எக்குவடோர் அரசு முன்வைத்த வாதங்களுள் ஒன்றை இங்கு குறிப்பிட வேண்டும். ஆதிக் குடிகளிடம் முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்று விதிக்கும் சர்வதேச தொழில் தாபனத்தின் 169ஆம் இலக்கச் சமவாயத்தை எக்குவடோர் 1998இல்தான் ஏற்றுக்கொண்டது. எண்ணெய் ஒப்பந்தமோ 1996இல் எழுதப்பட்டது. எனவே கேட்கும் கடமை அப்போது இருக்கவில்லை என்பது அரசின் நிலைப்பாடு. நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. ஒப்பந்தம் எப்போது எழுதப்பட்டிருப்பினும், வெடிமருந்து புதைக்கப்பட்டது 2002, 2003ஆம் ஆண்டுகளிலாகும். சமவாயம் எக்குவடோரில் நடைமுறைக்கு வந்த 1999ஆம் ஆண்டு மே மாதம் முதல் அக்கடமை ஐயத்துக்கிடமின்றி இருந்தது என அது தீர்மானித்தது.

'கேட்டல்' என்பது யாது என்பதையும் அத்தீர்ப்பு வரையறுத்தது. முடிவு எடுக்கப்படுமுன் கேட்க வேண்டும். நல்லெண்ணத்துடன் கேட்க வேண்டும். அம்மக்களின் வழக்காறுகளுக்கு ஏற்ற முறையில், அவர்களது அமைப்புகளின் ஊடாகக் கேட்க வேண்டும். சுற்றுச்சூழலுக்கும் உடல்நலத்துக்கும் நேரக்கூடிய ஆபத்துக்களை எடுத்துரைத்துக் கேட்க வேண்டும். இணக்கம் காண்பதே நோக்கமாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கும் பொறுப்பு அரசுக்கு உரியது. எண்ணெய் எடுக்க வரும் கம்பனியிடமே அதனை ஒப்படைத்துவிட்டு அரசு ஒதுங்க முடியாது. இலாபம் பெறப்போகிறவனே சம்மதம் வாங்கும் வேலையையும் செய்தால் அது எவ்வாறு முடியும் என்பதற்குக் கையொப்பப் பட்டியல்களே சாட்சி.

பொருட்சேதத்துக்கென 90,000 டொலரும், ஏனைய பாதிப்புகளுக்கென 12 இலட்சத்து 50 ஆயிரம் டொலரும் வழங்குமாறு நீதிமன்றம் பணித்தது. வெடிமருந்தை அகற்ற வேண்டும். பகிரங்கமாக மன்னிப்புக் கோர வேண்டும். கலந்தாலோசனை உரிமையை உள்நாட்டுச் சட்டத்தில் செயற்படுத்த வேண்டும் எனவும் கட்டளையிட்டது. இதற்கு முன்னரே, 2010இல் கம்பனியுடனான ஒப்பந்தம் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டபோது அரசு அக்கம்பனிக்குச் செலுத்திய தொகை ஏறத்தாழ 2 கோடி டொலர். காட்டைவிட்டு வெளியேறியவனுக்கு 2 கோடி. காட்டைக் காத்து நின்றவர்களுக்கு 13 இலட்சத்து 40 ஆயிரம். இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

பிந்திய வழக்கின் கதி

சரயாக்கு மக்கள் தம் வாயிலில் கம்பனியை மறித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நாட்டின் வடக்கே, லாகோ அக்ரியோ பகுதியில் என்ன நடந்தது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1964 முதல் அமெரிக்காவின் ரெக்சாக்கோ நிறுவனம் அங்கு எண்ணெய் தேடியது. 1967இல் எண்ணெய் கண்டது. 1972இல் அந்திஸ் மலையைக் கடந்து கடற்கரைக்குச் செல்லும் குழாய் திறக்கப்பட்டு ஏற்றுமதி தொடங்கியது. எண்ணெயுடன் மேலெழும் உப்புநீர் ஓடைகளிலும் ஆறுகளிலும் விடப்பட்டது. கழிவுகள் காட்டில் தோண்டப்பட்ட திறந்த குழிகளில் தேங்கின. 1990இல் வேலைப் பொறுப்பு அரச நிறுவனத்திடம் கையளிக்கப்பட்டது. 1992இல் ரெக்சாக்கோ வெளியேறியது.

அடுத்த ஆண்டே, 1993 நவம்பரில், கொபான், சியோனா, செக்கோயா முதலிய ஆதிக் குடிகளும் குடியேறிய விவசாயிகளுமாக ஏறத்தாழ 30,000 மக்களின் சார்பில் நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலாயிற்று. ஒன்பது ஆண்டுகள் வாதாடிய பின்னர், இவ்வழக்கு எக்குவடோரில் நடைபெற வேண்டியது என்று கூறி அமெரிக்க நீதிமன்றம் அதனைக் கைகழுவியது. இதற்கிடையில் 2001இல் ரெக்சாக்கோ செவ்ரோன் நிறுவனத்துடன் இணைந்தது. 2003இல் லாகோ அக்ரியோவிலேயே புதிய வழக்குத் தொடங்கியது. 2011 பெப்ரவரியில் தீர்ப்புக் கிடைத்தது. நாட்டின் உயர்ந்த மன்று 2013இல் இறுதியாக உறுதி செய்த தொகை 950 கோடி டொலர்.

தமது பங்கிலான சுத்திகரிப்பு 1990களிலேயே முடிந்துவிட்டது. 1998இல் எக்குவடோர் அரசே அதனை ஏற்றுப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டது. எஞ்சிய மாசுக்கு அரச நிறுவனமே காரணம் என்பது செவ்ரோனின் வாதம். அந்நிறுவனத்துக்கு எக்குவடோரில் பறிமுதல் செய்யத்தக்க சொத்து ஏதும் இருக்கவில்லை. பணத்தை வேறு நாடுகளில் தேட வேண்டியிருந்தது. 2014 மார்ச்சில் நியூயோர்க் நீதிபதி ஒருவர், எக்குவடோர் தீர்ப்பு இலஞ்சத்தாலும் மோசடியாலும் பெறப்பட்டது எனத் தீர்மானித்தார். வழக்காளிகளின் அமெரிக்க வழக்கறிஞர் கையாண்ட வழிமுறைகளே அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. காட்டில் மாசு ஏற்பட்டதா இல்லையா என்பது தமது முன்னுள்ள வினா அல்ல என்பதையும் அந்நீதிபதி குறிப்பிட்டார். 2018இல் ஹேக் நகரில் கூடிய நடுத்தீர்ப்பு மன்றும் செவ்ரோனுக்குச் சார்பாகவே முடிவு செய்தது.

கனடாவில் வாழும் எமது வாசகர்களுக்கு இவ்வழக்கின் மற்றொரு கட்டம் அண்மையானது. அது ஒன்ராறியோ நீதிமன்றங்களின் ஊடாகவே நடைபெற்றது. 2015 செப்ரெம்பரில் கனடிய உச்ச நீதிமன்றம், இவ்வழக்கை விசாரிக்க ஒன்ராறியோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு எனக் கூறியபோது அமேசன் மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் 2018இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், செவ்ரோனின் கனடியக் கிளை சட்டத்தின் கண்ணில் வேறொரு ஆள். தாய் நிறுவனத்தின் கடனுக்கு அதன் சொத்தைத் தொட முடியாது என்றது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் மேலும் கேட்க மறுத்தது. கம்பனி எல்லைகளைக் கடந்து காட்டுக்குள் செல்லும்போது ஒரே ஆளாகச் செல்கின்றது. அதனைத் துரத்திக் கொண்டு மக்கள் எல்லை கடந்து வரும்போது அது பல ஆட்களாகப் பிரிந்து நிற்கின்றது.

குற்றம் எத்தரப்பில் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் 1993இல் வழக்குத் தொடுத்தபோது பிறந்த குழந்தை முப்பது வயதைக் கடந்துவிட்டது. செவ்ரோனிடமிருந்து அந்த 950 கோடி டொலரில் ஒரு சதம்கூட அம்மக்களுக்குக் கிட்டவில்லை என்பதில் இரு கருத்து இல்லை. அழிந்த பின் கேட்கும் வழக்கின் கதி இதுவாயிற்று.

மொழிபெயர்ப்பாளர் யார்?

சரயாக்கு தீர்ப்பு திறந்த வழியில் அடுத்து வந்தவர்கள் வோராணி மக்கள். 1950களின் இறுதிவரை வெளியுலகுடன் அமைதியான தொடர்பு ஏதும் கொள்ளாதிருந்தவர்கள் அவர்கள். உலகின் வேறெந்த மொழியுடனும் உறவு காட்டப்படாத தனிமொழி அவர்களுடையது.

2018இல் எக்குவடோர் அரசு தென் அமேசன் பகுதியைத் துண்டுகளாக வகுத்து எண்ணெய்க் கம்பனிகளுக்கு ஏலம்விட எண்ணியது. அவற்றுள் 22ஆம் இலக்க வலயம் பஸ்தாசா மாகாண வோராணி மக்களின் நிலத்தின் மீது விழுந்தது. மக்களிடம் 2012இலேயே கேட்டுவிட்டோம் என்றது அரசு. அப்போது அதிகாரிகள் குறுகிய நேரம் வந்து போனார்கள். என்ன பேசினார்கள் என்றே எமக்கு விளங்கவில்லை என்றனர் முதியோர். 2019 பெப்ரவரியில், நெமொந்தே நென்கீமோ என்னும் பெண் தலைமையில், பதினாறு கிராமங்களின் மக்கள் வழக்குத் தொடுத்தனர்.

மார்ச் மாதம் பூயோ நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியபோது வோராணிப் பெண்கள் எழுந்து நின்று பாடத் தொடங்கினர். நீதிபதியின் குரல் கேட்காத அளவுக்குப் பாடினர். தாம் நம்பும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், தம் முதியோர் விளங்கிக் கொள்ள முடியாத மொழியில் தம் நிலத்தைப் பற்றி விசாரிக்க இடமளியோம் என்பதே அப்பாடலின் பொருள். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

அகதி அந்தஸ்துக் கோரி விசாரணை அறையில் அமர்ந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. ஒரு சொல் தவறாக மொழிபெயர்க்கப்பட்டால் ஒரு வாழ்வு திருப்பி அனுப்பப்படும். விளங்காத தாளில் வைத்த கையொப்பம் பின்னர் எங்கு போய் நிற்கும் என்பது வைத்தவருக்குத் தெரியாது. வோராணிப் பெண்கள் சட்டநூல் கற்றவர்கள் அல்லர். ஆனால் வழக்கின் மையத்தை அவர்கள் சரியாகப் பிடித்தனர். கேட்கும் மொழி கேட்கப்படுவோனுக்கு விளங்காவிடின், கேட்டதாகக் கொள்ள முடியாது.

2019 ஏப்ரல் 26ஆம் திகதி மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று வோராணி மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2012இல் நடந்த கலந்தாலோசனை முறையானதன்று. மீண்டும் சரியாகக் கேட்காமல் அந்நிலத்தை ஏலம்விட முடியாது என்றது. யூலை மாதம் மாகாண மேன்மன்று அதனை உறுதிப்படுத்தியது. ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் ஹெக்டேயர் காடு காக்கப்பட்டது. வழக்குத் தொடுத்து ஐந்து மாதங்களுக்குள் கிடைத்த முடிவு இது. லாகோ அக்ரியோ மக்களின் கால்நூற்றாண்டு அலைச்சலுடன் இதனை ஒப்பிடுக.

கேட்க முடியாத மக்கள்

கேட்பதே உரிமையின் அடிப்படை எனில், கேட்கவே முடியாத மக்களை என்செய்வது? எக்குவடோரின் யசூனிக் காட்டில் தகாஎரி, தரோமெனானே என்னும் இரு குடிகள் வெளியுலகை விட்டு வேண்டுமென்றே விலகி வாழ்கின்றன. அந்நியர் சென்றால் அவர்கள் ஈட்டி எறிவர். அந்நியர் கொண்டுசெல்லும் சாதாரணத் தடிமனே அவர்களைக் கொன்றுவிடக்கூடும். இவர்கள் வாழும் நிலத்தில் எவ்வித அகழ்வும் கூடாதென 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பு விதிக்கின்றது. கதவைச் சாத்திக் கொண்டவர்கள் தம் பதிலை முன்னரே கூறிவிட்டார்கள் என்பதே இதன் உட்பொருள்.

அதே யசூனியின் கிழக்கு ஓரத்தில் 80 கோடிக்கு மேற்பட்ட பீப்பாய் மசகு எண்ணெய் உண்டெனக் கணிக்கப்பட்டது. 2007இல் அப்போதைய சனாதிபதி ரஃபாயெல் கொரெயா ஐ.நா. சபையில் ஒரு யோசனையை முன்வைத்தார். உலக நாடுகள் 360 கோடி டொலர் தந்தால் அவ்வெண்ணெயை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுவோம் என்றார். வந்து சேர்ந்தது ஏறத்தாழ 1 கோடி 30 இலட்சம் டொலர் மட்டுமே. 2013இல் அவர் அத்திட்டத்தைக் கைவிட்டார். 2016இல் எண்ணெய் பாயத் தொடங்கியது. இதனை எதிர்த்த இளைஞர்கள் சர்வசன வாக்கெடுப்புக் கோரி 7 இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினர். தேர்தல் அதிகாரிகள் அவற்றில் பெருந்தொகையை நிராகரித்தனர். பத்தாண்டு வழக்குக்குப் பின், அரசியலமைப்பு நீதிமன்றம் வழிவிட்டதால், 2023 ஓகஸ்ட் 20ஆம் திகதி அவ்வாக்கெடுப்பு நடைபெற்றது. வாக்களித்தோரில் ஏறத்தாழ 59 வீதத்தினர் எண்ணெயை மண்ணுக்குள் விடுமாறு பணித்தனர்.

2025 மார்ச் மாதம் அறிவிக்கப்பட்ட தீர்ப்பில், அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் தகாஎரி, தரோமெனானே மக்களைக் காக்கத் தவறியமைக்கு எக்குவடோர் பொறுப்பாளி எனத் தீர்மானித்தது. தாமாக விலகி வாழும் மக்கள் குறித்து அந்நீதிமன்றம் வழங்கிய முதலாவது தீர்ப்பு அதுவாகும்.

மறுதரப்பின் வாதம்

நேர்மையான ஆய்வு மறுதரப்பையும் கேட்க வேண்டும். எக்குவடோர் செல்வந்த நாடு அன்று. 1970கள் தொடக்கம் எண்ணெய் அரச வருமானத்தின் முக்கிய தூணாக இருந்து வந்துள்ளது. 2000இல் தன் நாணயத்தைக் கைவிட்டு அமெரிக்க டொலரை ஏற்ற நாடு அது. தாளை அச்சிட்டுச் சமாளிக்கும் வழியும் அதற்கு இல்லை. ஆயிரம் பேரின் மறுப்புக்காகக் கோடிக்கணக்கானோரின் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் காத்திருக்க வேண்டுமா என்று அமைச்சர்கள் கேட்கின்றனர். 2023 வாக்கெடுப்பில் எண்ணெய் விளையும் ஒரெயானா, சுக்கும்பியோஸ் மாகாணங்களிற் பெரும்பான்மையினர் எண்ணெய் எடுப்பது தொடர வேண்டும் என்றே வாக்களித்தனர் என்பதையும் மறைக்க முடியாது. வோராணி மக்களிடையேயும் எண்ணெய் வேலையை நம்பிய குடும்பங்கள் உண்டு.

இவ்வாதத்துக்கு விடை அரைநூற்றாண்டு வரலாற்றில் உள்ளது. எண்ணெய் பாய்ந்த வட அமேசன் மாகாணங்கள் நாட்டின் வறிய பகுதிகளாகவே இருந்து வந்துள்ளன. குழாய் மலையைக் கடந்து சென்றது. செல்வமும் குழாயுடனேயே சென்றது. வேலை வேண்டும் என வாக்களித்தோரின் ஏழ்மை உண்மையானது. அதே ஏழ்மைதான், எண்ணெய் தங்கள் ஊருக்கு எதைத் தரவில்லை என்பதற்கும் சான்று.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்புகளை நிறைவேற்றுவது அரசின் கையில் உள்ளது. யசூனி வாக்கெடுப்பின் பின் ஓராண்டுக்குள் அங்குள்ள வேலைகளை நிறுத்த வேண்டும் என அரசியலமைப்பு நீதிமன்றம் கூறியிருந்தது. அக்காலக்கெடு முடிவடைந்த 2024 ஓகஸ்டில் இருநூறுக்கு மேற்பட்ட கிணறுகளுள் முதலாவது மூடப்பட்டது. எஞ்சியவற்றுக்குப் பல ஆண்டுகள் வேண்டும் என்றது அரசாங்கம். 2025 யூலையில் சுற்றுச்சூழல் அமைச்சு எரிசக்தி, சுரங்க அமைச்சுடன் இணைக்கப்பட்டது. காவலாளியை வேட்டைக்காரனின் கீழ் வேலைக்கு அமர்த்தியதாகவே ஆதிக் குடிகளின் தலைவர்கள் இதனைக் கண்டனர்.

சரயாக்குவில் அமைச்சர்கள் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினர். நட்டஈடும் செலுத்தப்பட்டது. ஆனால் தீர்ப்பு வெளியாகிப் பத்தாண்டுகள் நிறைந்த 2022இலும், ஆழப் புதைக்கப்பட்ட வெடிமருந்தின் பெரும்பகுதி அகற்றப்படவில்லை. அந்நிலத்தில் குழந்தைகள் நடமாடுகின்றனர், வேட்டைக்குச் செல்கின்றனர், எங்கெங்கு புதைக்கப்பட்டதென்று பெற்றோர் சொல்லிக் கொடுக்க வேண்டியுள்ளது. மன்னிப்புக் கேட்பது எளிது. புதைத்ததைத் தோண்டி எடுப்பதே கடினம்.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். இம்மக்கள் நீதிமன்றத்தில் வென்றெடுத்தது கேட்கப்படும் உரிமையை மட்டுமே. முறைப்படி கேட்ட பின்னரும் மக்கள் 'வேண்டாம்' என்றால் அரசு அதற்குப் பணிய வேண்டுமா என்ற வினாவுக்குப் பல இடங்களில் சட்டம் உறுதியான விடை தந்துவிடவில்லை. இணக்கம் காண முயல வேண்டும் என்ற இடத்துடன் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு நின்றுவிட்டது. எனவே அடுத்த வழக்கு, கேட்பதைப் பற்றியதாக இராது; மறுப்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

ஆயிரத்து இருநூறு பேர் கொண்ட ஒரு சமூகம், தன்னைவிடப் பன்மடங்கு வலிய அரசையும் கம்பனியையும் பத்தாண்டுகள் எதிர்த்து நின்று வென்றது. அதற்கு அவர்களிடம் இருந்தவை மூன்று. ஊர்ப் பொதுச்சபையின் ஒருமித்த முடிவு. நிகழ்ந்ததை நாள்தோறும் பதிவு செய்து பேணிய சாட்சியம். நிலத்தை விட்டு வெளியேற மறுத்த உறுதி. இவற்றுள் மூன்றாவது எமக்கு வாய்க்கவில்லை. முதலிரண்டும் எந்த நாட்டில் வாழ்ந்தாலும், எவ்வளவு சிறிய சமூகத்துக்கும், கைக்கு எட்டக்கூடியவையே.